மகரந்தம் உதிரும்வரை

ஜூன் பதினொன்று. ரை என் தோள் உயரம்.
வெட்ச் கொடி அதன் இடுப்பைப் பிடித்து ஏறி
ஊதாப் பூ விட்டிருக்கிறது.
கதிர் ஒன்றை விரலால் சுண்டுகிறேன்.
தூசி இல்லை.
இன்னும் இல்லை.

மகரந்தம் உதிராத ரையைச் சாய்த்தால்
சில நாளில் எழுந்து நிற்கும்,
ஒன்றும் நடக்காதது போல.
போன வருடம் அப்படித்தான் ஏமாந்தேன்:
மூன்று நாள் அவசரம்,
கோடை முழுக்க அரிவாள்.

கொட்டகையில் பூசணி நாற்று எண்ணூற்று நாற்பது,
தட்டின் ஓட்டை வழியே வேர் நீட்டி
மேசையைத் துழாவுகின்றன.
கமுராஸ்காவில் உறைபனி யாருக்கும் தவணை தருவதில்லை,
செப்டம்பர் கடைசி, சில வருடம் அதற்கும் முன்பே.
நூறு நாள் காய்க்குக் கழித்துப் பார்த்தால்
கையில் ஒரு வாரம் மிச்சமிருந்தது.
அதையும் இந்தப் புல் தின்றுகொண்டிருக்கிறது.

சாலைக்கு அந்தப் பக்கம் ரேஜான் உழுது, பரம்படித்து,
நட்டு, முதல் களையும் எடுத்துவிட்டார்.
எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி அவர் நிலம்.
டிராக்டரை நிறுத்திக் கேட்டார்:
"வைக்கோல் விற்பதாக உத்தேசமா?"
ஒடில் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினாறாம் தேதி சுண்டினேன்.
மஞ்சள் புகை மூக்கில் ஏறியது.
தும்மிக்கொண்டே உருளையில் தண்ணீர் நிரப்பினோம்.
அது வெட்டுவதில்லை. தண்டின் எலும்பைச்
சாணுக்கு ஒன்றாக முறித்துக்கொண்டே போகிறது,
வேரிலிருந்து பிரிக்காமல்.
அரை ஏக்கர் ரை ஆற்றை நோக்கித் தலை வைத்துப் படுத்தது.
மருந்து அடிக்காதவளுக்கு
நிழலைத் தவிர வேறு களைக்கொல்லி ஏது?

பாயைக் கீறு, களிமண்ணில் கத்தியை இறக்கு,
நாற்றை நுழை, குதிகாலால் மூடு.
எண்ணூற்று நாற்பது தடவை.
மூன்றாம் வரிசையில் எங்கோ கத்தி தொலைந்தது.
சிவப்புப் பிடி. தேடினோம்.
பாய் விழுங்கியதைக் கக்கவில்லை.

அப்புறம் எல்லாம் ஒன்றாக வந்தன.
பாயின் கீழ்க் குளிர்ச்சி ஓடில்லா நத்தைக்கும் பிடிக்கும்;
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிப் பொறுக்கி
வாத்துக்கு ஒரு வாளி.
மக்குகிற வைக்கோல் மண்ணின் தழைச்சத்தைக்
கைமாற்றாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராததில்
இலையெல்லாம் எலுமிச்சை நிறம்.
வடக்கு மூலையில் வேர்ப்புல்,
ஊசி நுழைகிற மாதிரி பாயைத் துளைத்து எழுந்தது.
இரவில் ஒடில் கேட்டாள், "கலப்பையை விற்றது சரியா?"
நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

ஜூலையில் முப்பத்தோரு நாள் மழையில்லை.
ரேஜானின் நிலம் விரல் நுழையப் பிளந்தது.
பாயைத் தூக்கிப் பார்த்தேன்: ஈரம்.
ஒரு மண்புழு, தன்னைவிட நீளமான தாளைக்
குழிக்குள் இழுக்க முயன்று,
தோற்று,
மறுபடி இழுத்தது.

அறுவடைக் கணக்கு:
அவரைவிட முப்பத்தெட்டுப் பெட்டி குறைவு.
போன வருடத்தைவிடக் களையில் குனிந்தது
தொண்ணூறு மணிநேரம் குறைவு.
எந்தத் தட்டு தாழ்கிறது என்று
ஒடிலின் முதுகைத்தான் கேட்க வேண்டும்.

சொல்லிவிடுகிறேன், வடக்கு மூலையை உழுதேன்.
அக்டோபர் முதல் வாரம், இரவல் கலப்பை,
ரேஜானே ஓட்டி வந்தார்.
கேலி செய்வார் என்று
பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.
"ஆழமாகவா?" என்றார்.
"நாலு விரல். வேர்ப்புல்லை வெயிலுக்குக் கொண்டுவந்தால் போதும்."
தலையாட்டினார்.
திருப்பத்தில் கொழு எதையோ இடறியது.
சிவப்புப் பிடி, துருவேறிய அலகு.
பிடியின் துளைக்குள் ஒரு வேர்,
நூல் கோத்த மாதிரி.

இறங்கி, உழாத பக்கத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்.
அது விரலுக்கிடையில் பொலபொலவென்று உதிர்ந்தது.
முகர்ந்தார்.
"மழை வரும்" என்றார்.

வெட்ச் விதைக்கக் காலம் கடந்துவிட்டது.
ரையை மட்டும் இறைத்தோம், கை இருட்டில் தெரியாதவரை.

மழை வந்தது, இரவெல்லாம்.
காலையில் சாலையின் இருபுறமும்
அவரவர் வாய்க்காலின் நிறத்தைப் பார்க்க
அவரும் நானும் ஒரே நேரத்தில் வந்து நின்றோம்,
பிறகு அடுத்தவருடையதை.